ஜப்பான் மூத்தோர் ஓப்பன் கோல்ஃப் போட்டி

ஜப்பான் மூத்தோர் ஓப்பன் என்பது 50 வயது நிறைந்த ஆண்களுக்கான கோல்ஃப் போட்டியாகும். ஜப்பான் கோல்ஃப் சங்கம் 1991 முதல் இதனை நடத்தி வருகிறது.

இதில் ஐந்து முறை வென்றவர் இசாவோ அவோக்கி. 1942 இல் சிபா மாநிலத்தின் அபிக்கோவில் பிறந்த இவர், 1983 இல் ஹவாயில் வென்று, அமெரிக்க பிஜிஏ தொடரில் பட்டம் பெற்ற முதல் ஜப்பானியரானார். மூத்தோர் ஓப்பனை 1994 முதல் 1997 வரை தொடர்ந்து நான்கு ஆண்டுகள் வென்றார். அடுத்த வெற்றிக்குப் பத்து ஆண்டுகள் காத்திருக்க நேர்ந்தது.

கோல்ஃபில் குறைந்த அடிகளில் முடிப்பவரே வெற்றியாளர். 2007 போட்டியின் இறுதி நாளில் பின்தங்கியிருந்த அவோக்கி, 18 குழிகளையும் 65 அடிகளில் முடித்து வாகை சூடினார். அப்போது அவருக்கு வயதும் 65. வயதுக்குச் சமமான அடிகளில் ஒரு சுற்றை முடிப்பது, எத்துணைத் திறன் இருந்தாலும் இளம் வீரருக்குக் கைகூடாத சாதனை.