கருவுற்ற காலத்தில் வைட்டமின் டி: திருவள்ளூர், கும்மிடிப்பூண்டி வட்டாரம்

கர்ப்பிணியின் ரத்தத்தில் 25-ஹைட்ராக்சி வைட்டமின் டி ஒரு மில்லிலிட்டருக்கு 20 நானோகிராமுக்குக் கீழே இருந்தால் அது குறைபாடு. பிறக்கும் குழந்தை முதல் சில வாரங்களுக்கு நம்பியிருக்கும் வைட்டமின் டி முழுவதும் நஞ்சுக்கொடி வழியாகத் தாயிடமிருந்து வந்தது. ஆகவே தாயின் குறை பிள்ளைக்கும் இறங்குகிறது. ஆண்டில் பெரும்பகுதி வெயில் கொளுத்தும் திருவள்ளூர் மாவட்டத்தில் இப்படியொரு குறை இருக்குமா என்று கேட்கத் தோன்றும். தென்னிந்தியாவில் அளந்து பார்த்த இடங்களிலெல்லாம் அது இருந்தது.

வரலாறு

இந்தக் குறையால் குழந்தைகளுக்கு வரும் எலும்பு நோய் ரிக்கெட்ஸ். வளர்ந்தவர்களுக்கு வருவது எலும்பு இளகும் நோயான ஆஸ்டியோமலேசியா. ரிக்கெட்ஸைப் பற்றி பிரான்சிஸ் கிளிசன் 1650இல் லத்தீனில் நூல் எழுதினார். பிறகு இரண்டு நூற்றாண்டுகளுக்கு மேலாகியும் காரணம் பிடிபடவில்லை. ஜப்பானில் மருத்துவ ஊழியம் செய்து இங்கிலாந்து திரும்பிய தியோபால்ட் பாம், அங்கே காணாத நோயைத் தன் சொந்த நாட்டில் தெருவெங்கும் கண்டார். ஆசிய நாடுகளில் இருந்த மருத்துவர்களிடம் விசாரித்து, வெயில் இன்மையே காரணம் என்று 1890இல் எழுதினார். அன்று அதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. 1919இல் பெர்லினில் ஹுல்ட்ஷின்ஸ்கி புறஊதா விளக்கொளியால் ரிக்கெட்ஸைக் குணமாக்கினார். அதே ஆண்டு எட்வர்ட் மெல்லன்பி நாய்க்குட்டிகளிடம் உணவின் மூலமே நோயை வரவழைத்தும் மீன் எண்ணெயால் தடுத்தும் காட்டினார். மீன் எண்ணெயில் இருந்த அந்தப் பொருளுக்கு 1922இல் மக்காலம் வைட்டமின் டி என்று பெயரிட்டார். ஸ்டீரால்கள் பற்றிய ஆய்வுக்காகவும் வைட்டமின்களோடு அவற்றுக்குள்ள தொடர்பைக் காட்டியதற்காகவும் அடால்ஃப் வின்டாஸ் 1928இல் வேதியியல் நோபல் பரிசு பெற்றார்.

வெயில் மிகுந்த நாட்டிலும் இந்நோய் வரும் என்பதை உலகுக்குக் காட்டியது இந்தியாதான். பம்பாய் மாகாணத்தில் ஹட்சிசனும் ஷாவும் செய்து 1922இல் வெளியிட்ட ஆய்வு இன்று படித்தாலும் வியப்பூட்டும். நல்ல சாப்பாடு சாப்பிட்டும் வீட்டுக்குள்ளேயே அடைந்திருந்த வசதியான குடும்பத்துப் பெண்களிடமும் குழந்தைகளிடமும் ரிக்கெட்ஸ் இருந்தது. அரை வயிற்றுக் கஞ்சியோடு வயலில் வேலை செய்த ஏழைகளிடம் அது அரிதாக இருந்தது. காஷ்மீரில் பணியாற்றிய கேத்லீன் வாகன் 1928இல் பர்தா முறைக்கும் பிரசவத்துக்கும் உள்ள தொடர்பைப் பற்றித் தனி நூலே எழுதினார். வெளியே வராத பெண்களின் இடுப்பெலும்பு இளகிச் சுருங்கிப்போய், பிரசவத்தில் குழந்தை வெளிவர வழியில்லாமல் தாயும் பிள்ளையும் சாவதை அவர் நேரில் கண்டவர். அன்றைய பஞ்சாபின் காங்ரா பள்ளத்தாக்கில் டாக்மர் கர்ஜல் வில்சன் செய்த கள ஆய்வுகளும் இந்தக் காலத்தவை. மதத்தையோ சாதியையோ இதில் குற்றம் சொல்வதற்கில்லை. எந்தக் காரணத்தால் பெண் வீட்டுக்குள் இருந்தாலும், எலும்புக்கு விளைவு ஒன்றுதான்.

சென்னையில் இத்தகைய பெண்களுக்கென்றே 1885இல் மேரி ஷார்லிப் ஒரு மருத்துவமனை தொடங்கினார். திருவல்லிக்கேணியில் இன்று அரசு கஸ்தூர்பா காந்தி மருத்துவமனையாக இருக்கும் அதை ஊர்மக்கள் இன்னமும் கோஷா ஆஸ்பத்திரி என்றுதான் சொல்கிறார்கள். கோஷா என்றால் திரைமறைவில் இருக்கும் பெண்கள். கர்ப்பிணிகளின் ரத்தசோகையை ஆராய இந்தியா வந்த லூசி வில்ஸ் 1930களின் தொடக்கத்தில் இங்கும், ராபர்ட் மெக்கரிசன் நடத்திய குன்னூர் ஊட்டச்சத்து ஆய்வகத்திலும் வேலை செய்தார். பிற்காலத்தில் ஃபோலிக் அமிலம் என்று அறியப்பட்ட பொருளுக்கு அடித்தளம் இட்டது அவருடைய வேலை. தென்னாட்டில் கர்ப்பிணிகளைப் பற்றிய ஆராய்ச்சி ரத்தசோகையைச் சுற்றியே வளர்ந்ததற்கு இதுவும் ஒரு காரணம். எலும்பு பின்தங்கிவிட்டது.

இரண்டாம் உலகப் போரில் வெளிநாட்டுக் காட் மீன் எண்ணெய் வருவது நின்றதும், சென்னை மாகாண மீன்வளத் துறை கோழிக்கோட்டில் சுறாவின் ஈரலிலிருந்து எண்ணெய் எடுத்தது. அதில் வைட்டமின் ஏ மிகுதி. டி அவ்வளவு இல்லை. எனினும் ஒரு தலைமுறைக் குழந்தைகள் மூக்கைப் பிடித்துக்கொண்டு விழுங்கிய எண்ணெய் அதுதான்.

போருக்குப் பின் கவனம் இங்கிலாந்தில் குடியேறிய தெற்காசியப் பெண்கள்மேல் திரும்பியது. லண்டன் செயின்ட் ஜார்ஜ் மருத்துவமனையில் புரூக் குழுவினர் 1980இல் வெளியிட்ட ஆய்வில், கடைசி மூன்று மாதம் 59 பேருக்கு நாளொன்றுக்கு 1,000 சர்வதேச அலகு (IU) வைட்டமின் டி கொடுத்தார்கள். 67 பேருக்கு வெற்று மாத்திரை. வெற்று மாத்திரை பெற்றவர்களின் குழந்தைகளில் ஐவருக்குக் கால்சியம் இறங்கி அறிகுறிகள் தோன்றின. வைட்டமின் பெற்றவர்களின் குழந்தைகளில் ஒருவருக்கும் இல்லை.

உடலில் நிகழ்வது

வெயிலில் உள்ள 290 முதல் 315 நானோமீட்டர் வரையிலான புறஊதா பி கதிர் தோலில் இருக்கும் ஒரு கொழுப்புப் பொருளை வைட்டமின் டி3ஆக மாற்றுகிறது. கல்லீரல் அதை 25-ஹைட்ராக்சி வடிவமாக்குகிறது. ஆய்வகத்தில் அளப்பது இதைத்தான். சிறுநீரகம் அதைச் செயல்படும் ஹார்மோனாக்குகிறது. நஞ்சுக்கொடியைக் கடப்பது 25-ஹைட்ராக்சி வடிவமே. லக்னோவில் 2005இல் வெளியான ஆய்வில் 207 கர்ப்பிணிகளின் சராசரி அளவு 14 நானோகிராம், தொப்புள்கொடி ரத்தத்தில் 8.4. அதாவது தாயிடம் இருப்பதில் ஏறத்தாழ அறுபது சதவீதம்தான் பிள்ளைக்கு. இந்த வடிவம் ரத்தத்தில் பாதியாகக் குறைய இரண்டு மூன்று வாரம் போதும். தாய்ப்பாலிலும் வைட்டமின் டி மிகக் குறைவு. தாய்ப்பாலுக்கு ஈடு எதுவுமில்லை, அதை நிறுத்தச் சொல்ல யாருக்கும் உரிமையும் இல்லை. இந்த ஒரு சத்தை மட்டும் தனியே கொடுக்க வேண்டும், அவ்வளவே.

கருவின் எலும்புக்கூட்டில் பிறக்கும்போது ஏறக்குறைய 30 கிராம் கால்சியம் இருக்கும். அதில் ஐந்தில் நான்கு பங்கு கடைசி மூன்று மாதத்தில் சேர்கிறது. கரு தனக்கு வேண்டியதைத் தாயின் எலும்பிலிருந்தாவது எடுத்துக்கொள்ளும். பிறந்து தொப்புள்கொடி அறுபட்டதும் அந்த வழி அடைபடுகிறது. பிறகு குழந்தை தன் குடலிலிருந்துதான் கால்சியத்தை உறிஞ்ச வேண்டும். அதற்கு வைட்டமின் டி வேண்டும். அது இல்லாத பிள்ளைக்குக் கால்சியம் இறங்கும். தாடை நடுங்கும், கை மணிக்கட்டில் மடங்கி விரல்கள் விறைக்கும், பிறகு வலிப்பு. காய்ச்சல் இருக்காது, வலிப்புக்கு நடுவில் குழந்தை விழித்துப் பால் குடிக்கும். இதைத்தான் பாட்டிமார் இழுப்பு என்று சொல்லி வேப்பிலை அடிக்கப் போவார்கள். மெல்ல முற்றும் குழந்தையிடம் மண்டையோட்டின் பின்பக்கத்தைப் பெருவிரலால் அழுத்தினால் பிளாஸ்டிக் பந்துபோல உள்ளே போய்த் திரும்ப எழும். மார்பில் விலா எலும்பு முனைகள் வரிசையாகத் தடித்துத் தெரியும். உச்சிக்குழி மூடத் தாமதமாகும்.

சென்னை காஞ்சி காமகோடி சைல்ட்ஸ் டிரஸ்ட் மருத்துவமனை மருத்துவர்கள் 2006இல் இந்தியன் பீடியாட்ரிக்ஸ் இதழில் எழுதியது இதைப் பற்றித்தான். தாய்ப்பால் மட்டுமே குடித்த கைக்குழந்தைகள், வைட்டமின் டி குறைவால் கால்சியம் இறங்கி வலிப்போடு கொண்டுவரப்பட்டவர்கள். திருவள்ளூரிலிருந்து ரயிலேறினால் ஒன்றரை மணி நேரத்துக்குள் போய்ச்சேரும் நகரம் அது.

எடையும் உயரமும்

வைட்டமின் டி கொடுத்தால் குழந்தை பெரிதாகப் பிறக்குமா என்ற கேள்விக்குப் பெரிய ஆய்வுகள் ஆம் என்று விடை சொல்லவில்லை. மைசூர் ஹோல்ட்ஸ்வொர்த் நினைவு மருத்துவமனையில் 559 தாய்மாரின் ரத்தத்தை 30ஆவது வாரத்தில் சோதித்த பார்த்தினான் ஆய்வில் 66 சதவீதம் பேர் 20 நானோகிராமுக்குக் கீழே. ஆனால் குழந்தையின் அளவிலும், தாய்க்குக் கர்ப்பகாலச் சர்க்கரை வருவதிலும் வேறுபாடு தெரியவில்லை. டாக்காவில் 1,300 பெண்களைக் கொண்டு செய்து 2018இல் வெளியான சோதனையிலும், வெவ்வேறு அளவு மருந்து பெற்ற தாய்மாரின் குழந்தைகள் ஒரு வயதில் ஒரே உயரம். டெல்லி சப்தர்ஜங் மருத்துவமனையில் எடை குறைந்து பிறந்த 2,079 குழந்தைகளில் ஏறத்தாழப் பாதிப் பேருக்கு வாரந்தோறும் 1,400 அலகு கொடுத்துப் பார்த்தார்கள். இறப்பும் மருத்துவமனைச் சேர்க்கையும் குறையவில்லை, வளர்ச்சி சற்றே மேம்பட்டது. இவற்றைக் காட்டி வைட்டமின் டி வீண் என்று முடிவு கட்டுவது தவறு. அதன் வேலை எலும்பும் கால்சியமும். வலிப்பையும் ரிக்கெட்ஸையும் தடுப்பதே போதிய காரணம்.

இவ்வட்டாரம்

திருவள்ளூர் மாவட்டம் 1997இல் செங்கல்பட்டு மாவட்டத்திலிருந்து பிரிக்கப்பட்டது. அதன் வடக்கெல்லையில் கும்மிடிப்பூண்டி சிப்காட் தொழிற்பேட்டை, கிட்டத்தட்ட 13.4 பாகை அட்சரேகையில். எல்லை தாண்டினால் திருப்பதி மாவட்டம். அருகில் வைட்டமின் டி விரிவாக அளக்கப்பட்ட ஊரும் திருப்பதிதான். அங்கே ஹரிநாராயணன் குழுவினர் கண்ட சராசரி: கிராமத்து ஆண்கள் 23.7 நானோகிராம், கிராமத்துப் பெண்கள் 19, நகரத்து ஆண்கள் 18.5, நகரத்துப் பெண்கள் 15.5. கழனியில் நிற்கும் பெண்ணுக்கே 20ஐத் தொடவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். காரணம் தோலின் நிறமும் உடலை மூடும் சேலையும் மட்டுமல்ல. உணவில் கால்சியம் குறைந்தால் உடல் வைட்டமின் டியை வேகமாகச் செலவழிக்கிறது. அரிசியே பெரும்பகுதியான சாப்பாட்டில் பால், கேழ்வரகு, மீன் சுருங்கிவிட்டால், படும் வெயிலும் போதாமல் போகும். ஒடிசாவிலிருந்து திருவள்ளூர்ச் செங்கல் சூளைகளுக்கு வரும் பெண்கள் நாளெல்லாம் வெயிலில் கல் அறுக்கிறார்கள். அவர்கள் தட்டில் பால் இல்லை.

தொழிற்பேட்டைப் பெண்களின் நிலை வேறு. விடியுமுன் கம்பெனி வண்டி வந்துவிடும். ஷிப்ட் முழுவதும் கூரைக்குக் கீழே, திரும்பும்போது பொழுது சாய்ந்திருக்கும். அதே திருப்பதி ஆய்வாளர்கள் இந்த அட்சரேகையில் தோல் வைட்டமின் டி செய்யும் நேரம் பகல் 11 மணி முதல் 2 மணி வரை என்று காட்டியிருக்கிறார்கள். கம்பெனியில் அது உணவு இடைவேளையைத் தவிர வெளியே வர முடியாத நேரம். பிறந்த பிள்ளையைக் காலை இளவெயிலில் காட்டும் வழக்கம் இங்கே வீட்டுக்கு வீடு உண்டு. இதமாக இருக்கும், ஆனால் அந்த வெயிலால் வைட்டமின் டி அநேகமாக உண்டாவதில்லை. நடுப்பகல் வெயில் பச்சைக் குழந்தைக்கு ஆகாது. அதனால்தான் சொட்டு மருந்து.

புகையும் ஒரு காரணம். டெல்லியில் 2002இல் வெளியான ஆய்வில் புகை மண்டிய மோரி கேட் பகுதிக் குழந்தைகளுக்கு 12.4 நானோகிராம், காற்று தெளிந்த குர்கான் குழந்தைகளுக்கு 27.1. உருக்காலைகளும் வார்ப்பாலைகளும் நெருக்கமாக உள்ள கும்மிடிப்பூண்டிக்கும் இது பொருந்தக்கூடும்.

பழவேற்காட்டு ஏரி மீனும் கடல் மீனும் இந்த வட்டாரத்தின் பெரிய கொடை. மத்தி, கானாங்கெளுத்தி போன்ற கொழுப்பு மீன்களில் வைட்டமின் டி உண்டு. முட்டை மஞ்சள் கருவிலும் கொஞ்சம். சைவ உணவில் பெயருக்குக்கூட இல்லை எனலாம்.

தடுப்பு

மத்திய அரசு 2014இல் வெளியிட்ட வழிகாட்டுதலின்படி கர்ப்பிணிகளுக்கு 14ஆவது வாரத்திலிருந்து பிரசவம் வரையிலும் அதன்பின் ஆறு மாதமும் நாளொன்றுக்கு இரண்டு கால்சியம் மாத்திரை. ஒவ்வொன்றிலும் 500 மில்லிகிராம் கால்சியமும் 250 அலகு வைட்டமின் டி3யும் இருக்கும். ஆரம்ப சுகாதார நிலையத்தில் செவிலியர் இரும்பு மாத்திரையோடு சேர்த்துக் கொடுக்கும் அந்தப் பெரிய வெள்ளை மாத்திரை இதுதான். பலர் தொண்டையில் சிக்குகிறது என்று பீரோவில் போட்டுவைக்கிறார்கள். அப்படிப் போட்டுவைப்பது தன் எலும்பையும் பிள்ளையின் எலும்பையும் சேர்த்துத்தான். பாதியாக உடைத்து, சாப்பாட்டோடு விழுங்கலாம். இரும்பு மாத்திரையை அதோடு சேர்க்காமல் இரண்டு மணி நேரம் தள்ளிப் போட வேண்டும், சேர்ந்தால் இரும்பு உடலில் சரியாக ஏறாது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2020இல் நாள் தேவையை 600 அலகாக உயர்த்தியது. மாத்திரைகளின் 500 அலகோடு சிறிது வெயிலும் மீனும் சேர்ந்தால் அந்த அளவை எட்டிவிடலாம்.

குழந்தைக்குப் பிறந்த நாள் முதல் ஒரு வயது வரை நாளொன்றுக்கு 400 அலகு. சொட்டு மருந்து ஒரு மில்லிலிட்டருக்கு 400 அலகு உள்ளதும் 800 அலகு உள்ளதும் கடையில் உண்டு. புட்டியின் மேல் உள்ள எண்ணைப் படித்து, முன்னதில் 1 மில்லி, பின்னதில் அரை மில்லி கொடுக்க வேண்டும். புட்டி மாறும்போதுதான் அளவு தவறுகிறது. மருத்துவர் சொல்லாமல் பெரிய அளவு ஊசியோ தூளோ கொடுத்தால் கால்சியம் ஏறிச் சிறுநீரகம் கெடும்.

இன்றைய நிலை

கர்ப்பிணிகள் எல்லோருக்கும் ரத்தத்தில் வைட்டமின் டி அளக்க வேண்டும் என்ற விதி இல்லை, தேவையும் இல்லை. உலக சுகாதார நிறுவனம் 2020இல், குறை இருக்கும் என்று கருதப்படும் பெண்களுக்கு நாளொன்றுக்கு 200 அலகு கொடுக்கலாம் என்றது. பாலில் வைட்டமின் ஏ, டி சேர்க்கும் தரவிதிகள் 2018இல் வந்தன.