அலை தந்த சொல்

சென்னைக்குத் தெற்கேயுள்ள கோவளத்தில் என்ன செய்யலாம் எனக் கேட்போருக்கு முதல் விடை, அலைச்சறுக்கு. அவ்விளையாட்டு அயலிலிருந்து வந்தது. ஆனால் 'சர்ஃப்' என்னும் ஆங்கிலச் சொல் 17ஆம் நூற்றாண்டில் தொடக்கத்தில் வழங்கியதே இந்தியக் கடற்கரையின் அலைகளைக் குறித்துத்தான் என்பர் அகராதியாளர்.

காரணம் உண்டு. 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதி வரை சென்னைக்குச் செயற்கைத் துறைமுகம் இல்லை. கப்பல்கள் கரைக்கு அப்பால் நங்கூரமிட்டன. கயிற்றால் தைத்த மசூலாப் படகுகளில் ஆளையும் சரக்கையும் அலை கடத்திக் கரைசேர்த்தோர் இம்மண்ணின் படகோட்டிகளே. நம் கட்டுமரமும் 'கேட்டமரான்' என ஆங்கிலத்தில் ஏறியது.

இன்று கோவளத்தில் சறுக்கு கற்பிப்போரில் பலர் மீனவ இளைஞர். பலகை ஏறுமுன், விடியலில் படகுகள் அலையைக் கடப்பதைப் பாருங்கள்; பாடம் அங்கேயே தொடங்குகிறது.