வீடே வார்டாக: செங்கல்பட்டு வட்டாரத்தில் தொற்றுக்காலத் தனிமையும் பராமரிப்பும்

2020 மார்ச் 24 மாலை 6 மணிக்குத் தமிழகமெங்கும் 144 தடை உத்தரவு நடப்புக்கு வந்தபோது, செங்கல்பட்டு மாவட்டம் பிறந்து நான்கு மாதம்கூட நிறைந்திருக்கவில்லை. 2019 நவம்பர் 29-இல்தான் அது காஞ்சிபுரத்திலிருந்து பிரிந்தது. மாவட்டம் புதிது, ஆனால் தொற்று கண்டவரை வீட்டில் வைத்துப் பார்ப்பதா, வெளியே அனுப்புவதா என்ற வழக்கு இந்த மண்ணில் மிகப் பழையது. அந்த வழக்கில் வீட்டின் பக்கம் தீர்ப்பு சாய்ந்ததிலும் இந்த வட்டாரத்துக்குப் பெரிய பங்குண்டு. 2020-இல் நாம் அடைந்துகிடந்த வீடு, அந்தத் தீர்ப்பு உருவாக்கிய வீடு அல்ல. அதற்கும் முந்தைய அம்மைக்காலத்து வீடு என்பதே இக்கட்டுரையின் வாதம்.

அம்மை கண்ட வீட்டின் ஒழுங்கு கிராமத்தில் எல்லோருக்கும் தெரியும். வாசலில் வேப்பிலை செருகுவார்கள். அதைப் பார்த்தவர் உள்ளே வரமாட்டார். அந்த வீட்டில் தாளிப்பு இல்லை, தலை வாருவதில்லை, விருந்து இல்லை, வெளியூர்ப் பயணம் இல்லை. மூன்றாம், ஐந்தாம், ஏழாம் நாள் என்று ஒற்றைப்படையில் கணக்கிட்டுத் தலைக்குத் தண்ணீர் ஊற்றும் வரை வீடு முழுவதும் கட்டுக்குள் இருக்கும். இதை வெறும் அம்மன் பக்தி என்று தள்ளுவதும் பிழை, முன்னோர் அறிவியல் என்று கொண்டாடுவதும் பிழை. பெரியம்மை ஒருமுறை கண்டு பிழைத்தவருக்கு மறுபடி வருவது அரிது. தழும்பு முகத்தோடு அருகில் உட்கார்ந்து வேப்பிலையால் வருடிய கிழவி, ஊரிலேயே பாதுகாப்பான தாதியாக இருந்தாள். ஆனால் பெரியம்மையை ஒழித்தது அந்தக் கட்டுப்பாடல்ல, அம்மைப்பால் குத்தியதுதான். அதைத் தயாரிக்க 1899-இல் தொடங்கிய கிங் நிலையம் அமைந்த கிண்டி, அன்று செங்கல்பட்டு ஜில்லாவின் சைதாப்பேட்டை தாலுகாவில் இருந்தது. 1975-க்குப் பிறகு இந்தியாவில் பெரியம்மை இல்லை. வேப்பிலைப் பழக்கம் மட்டும் சின்னம்மைக்காக மிஞ்சியது.

இருபதாம் நூற்றாண்டின் முதல் பாதியில் அரசும் மிஷன்களும் வீட்டைச் சந்தேகத்தோடு பார்த்தன. நோயாளியை வீட்டிலிருந்து எடு, காற்றோட்டமான வெளியில் வை என்பது அன்றைய மருத்துவக் கொள்கை. 1920-களில் செங்கல்பட்டை அடுத்த திருமணியில் லேடி வில்லிங்டன் தொழுநோய் இல்லம் எழுந்தது. 1928-இல் டாக்டர் டேவிட் சவுரி முத்து தாம்பரத்தில் காசநோய்க்கான சானடோரியத்தைத் தொடங்கினார். 1937-இல் அதை அரசு எடுத்துக்கொண்டது. இன்றும் ரயில் நிலையம் ஒன்று அந்தப் பெயரோடு நிற்கிறது. இந்த இடங்களில் நல்ல கவனிப்பு கிடைத்ததை மறுக்க முடியாது. ஆனால் படுக்கைகள் சில நூறு, நோயாளிகளோ பல்லாயிரம். திருமணியில் பணியாற்றிய ராபர்ட் காக்ரேன் இந்த முரணை உணர்ந்தவர். பகலில் வீடு, வயல்; இரவில் மட்டும் தனிக் கொட்டகையில் படுக்கை என்ற இடைவழியை அவர் முயன்று பார்த்தார். வீட்டை முழுதாக விலக்க முடியாது என்பதற்கு அதுவே முதல் ஒப்புதல்.

முடிச்சை அவிழ்த்தவை மாத்திரைகள். தொழுநோய்க்கு டாப்சோன் வந்ததும், 1955-இல் பெல்ஜிய மருத்துவர் ஃபிரான்ஸ் ஹெமரிக்ஸும் கிளேர் வெல்லூட்டும் செங்கல்பட்டு ஜில்லாவின் தெற்கே போலம்பாக்கத்தில் மையம் அமைத்தார்கள். அவர்கள் நோயாளிகளைக் கூட்டிவந்து அடைக்கவில்லை. குறிப்பிட்ட நாளில் சாலையோர மரத்தடிக்கு வண்டி வரும். சுற்றூர்க்காரர்கள் வந்து மாத்திரை வாங்கிக்கொண்டு வீடு திரும்புவார்கள். மரத்தடி மருத்துவமனை என்று உலகத் தொழுநோய் வரலாற்றில் பேசப்படும் முறை இது. அதே 1955-இல் திருமணி இல்லமும் மத்திய அரசின் பயிற்சி, ஆராய்ச்சி நிலையமாக மாறியது.

காசநோயில் அந்தத் திருப்பம் சென்னை சேத்துப்பட்டில் நிகழ்ந்தது. 1956-இல் அங்கே தொடங்கிய காசநோய் வேதிமருத்துவ மையம், வாலஸ் ஃபாக்ஸ் தலைமையில் 193 நோயாளிகளை இரண்டாகப் பிரித்தது. ஒரு பாதிக்குச் சானடோரியம்: நல்ல உணவு, முழு ஓய்வு, தாதியர். மறுபாதிக்கு நகரத்து நெரிசல் வீடு, குறைந்த சாப்பாடு, அன்றாட உழைப்பு. மருந்து மட்டும் இருவருக்கும் ஒன்றே. ஓராண்டு முடிவில் இரு பிரிவினரும் ஏறத்தாழ ஒரே அளவில் குணமடைந்தனர். 1959-இல் வெளியான இந்த முடிவு உலகெங்கும் சானடோரியங்களின் தேவையையே கேள்விக்குள்ளாக்கியது. அதைவிட முக்கியம், உடன் வாழ்ந்த குடும்பத்தாரைத் தொடர்ந்து கவனித்ததில் தெரிந்த செய்தி: மருந்து தொடங்கிய நோயாளி வீட்டில் இருப்பதால் மற்றவர்களுக்குக் கூடுதல் ஆபத்து வரவில்லை. ஒன்றைச் சொல்லியாக வேண்டும். அந்த வீடுகளைத் தனியே விட்டுவிடவில்லை. முன்னறிவிப்பின்றிப் பணியாளர் வீடு தேடி வந்தார், மாத்திரையை எண்ணினார், சிறுநீரைச் சோதித்தார். 1968-இல் செங்கல்பட்டு ஜில்லாவில் தொடங்கிய பி.சி.ஜி. காசநோய்த் தடுப்பூசி ஆய்வும் வீடுவீடாகக் கணக்கெடுத்தே இரண்டரை லட்சத்துக்கும் மேற்பட்டோரை எட்டியது. தடுப்பூசி பெரியவர்களின் நுரையீரல் காசநோயைத் தடுக்கவில்லை என்ற கசப்பான முடிவை உலகுக்குத் தந்தவர்கள் இந்தக் கிராமத்தார்தான்.

இந்தப் பின்னணியோடு 2020-ஐப் பார்க்க வேண்டும். கொரோனாவுக்கு மாத்திரை இல்லை, தடுப்பூசி இல்லை, நோய் கண்டு மீண்ட கிழவியும் இல்லை. ஆகவே வீடு மறுபடி அரணாயிற்று. தெருக்களில் வேப்பிலைத் தோரணமும் மஞ்சள் தண்ணீரும் திரும்பி வந்ததில் வியப்பில்லை. தாம்பரம் சானடோரியத்தில் உள்ள தேசிய சித்த மருத்துவ நிறுவனத்தின் வழியாகவும் பிறவழியாகவும் கபசுரக் குடிநீர் வீட்டுக்கு வீடு காய்ந்தது. வேப்பிலை இருந்த இடத்தில் அரசு ஸ்டிக்கர் ஒட்டியது. சில தெருக்களில் தகரம் அடித்தது. வேப்பிலையைக் கட்டியவர் வீட்டுக்காரர்; தகரத்தை அடித்தவர் வெளியாள். நோயை மறைக்கும் அச்சம் பெருகியதற்கு இந்த வேறுபாடும் ஒரு காரணம் என்பது என் கணிப்பு. தொடக்கத்தில் தொற்று உறுதியான எல்லோரையும் மருத்துவமனைக்குக் கொண்டுபோன அரசு, எண்ணிக்கை பெருகியதும் லேசான அறிகுறி உள்ளவர்களை வீட்டிலேயே இருக்கச் சொன்னது. அதற்குத் தனி அறையும் தனிக் கழிப்பறையும் வேண்டும். ஓரறை வீட்டுக்காரர் அரசு அமைத்த பராமரிப்பு மையத்துக்கே போனார். 1959 ஆய்வில் ஏழை வீடு தேறியது. 2020-இல் அதே வீடு தகுதியிழந்தது. இடையில் மாறியது வீடல்ல, மருந்தின் இருப்பு.

கடற்கரையில் நிலைமை இன்னும் சிக்கல். மாமல்லபுரத்துச் சின்னங்கள் 2020 மார்ச் 17-இல் மூடப்பட்டு டிசம்பரில்தான் திறந்தன. சிற்பக்கூடம், வழிகாட்டி, சங்குக்கடை என்று எல்லாமே பயணிகளை நம்பியவை. மீனவர்களுக்கோ ஊரடங்கு முடிவதற்குள் ஏப்ரல் 15-இல் வழக்கமான தடைக்காலம் வந்துவிட்டது. அவ்வாண்டு 61 நாள் தடையை 47 நாளாகக் குறைக்க வேண்டியிருந்தது. நவம்பர் 25-இல் நிவர் புயல் நெருங்கியபோது, எட்டு மாதமாக வீட்டிலேயே இரு என்று கேட்டுவந்த கரையோரத்தார், வீட்டை விட்டு முகாமுக்கு வா என்ற அழைப்பைக் கேட்டார்கள்.

ரேஷன் கடையின் 1,000 ரூபாயும் அரிசியும் இல்லாமல் இந்த அடைப்பு ஒரு வாரம்கூடத் தாங்கியிருக்காது. மருந்தை வீட்டு வாசலுக்குக் கொண்டுபோகும் எண்ணம் 2021 ஆகஸ்ட் 5-இல் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ வழியாக மீண்டது; அது முக்கியமாகச் சர்க்கரைக்கும் ரத்த அழுத்தத்துக்கும் என்றாலும், போலம்பாக்கத்து மரத்தடியின் வாரிசு என்றே அதைக் கொள்ளலாம். திருமணிக்கு அருகே எழுப்பிய மத்திய அரசின் தடுப்பூசி வளாகத்திலிருந்து மட்டும் பெருந்தொற்றின் உச்சத்தில்கூட ஒரு தடுப்பூசியும் வரவில்லை.

இத்தனை ஆவணங்களிலும் நோயாளிக்கு எண் உண்டு, மருத்துவருக்குப் பெயர் உண்டு. கஞ்சி வைத்து, துணி துவைத்து, இரவில் மூச்சை எண்ணிப் படுத்த பெண்ணுக்கு ஒரு பத்தியும் இல்லை. 2020-இல் அந்த வேலையைச் செய்தவர்கள் இன்னும் நம்மிடையே இருக்கிறார்கள். மாவட்டக் கல்லூரிகளின் வரலாற்றுத் துறைகள், நினைவு மங்குவதற்குள் அவர்களின் வாய்மொழியைப் பதிவுசெய்யும் வேலையைத் தொடங்க வேண்டும்.