புறாவுக்குப் போடும் ஒரு பிடி தானியம்



ஒரு ஊர் 25 வருஷமா புறாக்களைக் கொன்னுக்கிட்டே இருந்தது. கடைசியில எத்தனை புறா குறைஞ்சிருக்கும்னு நினைக்கிறீங்க?

கிட்டத்தட்ட ஒண்ணும் குறையல.

அந்த ஊர் சுவிட்சர்லாந்தில் உள்ள பாசல். 1961 முதல் 1985 வரை பொறி வைத்துப் பிடித்தும், சுட்டும் சுமார் 1 லட்சம் புறாக்களை அங்கே அழித்தார்கள். ஊரில் இருந்த மொத்தப் புறாக்களே சுமார் 20,000 தான். கணக்குப்படி, முழுக் கூட்டத்தையும் 5 முறை துடைத்தெடுத்த மாதிரி. ஆனாலும் 20,000 அப்படியே 20,000!

எப்படி?

புறா ஒரு ஈட்டுக்கு 2 முட்டை இடும். சுமார் 18 நாளில் குஞ்சு வந்துவிடும். தீனி தாராளமாகக் கிடைத்தால் வருஷத்துக்குப் பல ஈடு. 10 புறாவைக் கொன்றால் அந்தப் பத்தின் சாப்பாடும் கூடு கட்டும் இடமும் மிச்சம். இல்லாவிட்டால் செத்திருக்கும் குஞ்சுகள் அதைத் தின்று பிழைத்துக்கொள்ளும்.

உள்ளே சீழ்க்கட்டியை விட்டுவிட்டு, காய்ச்சலுக்கு மட்டும் மாத்திரை கொடுத்துக்கொண்டே இருந்த கதைதான் இது.

1988-ல் பாசல் பல்கலைக்கழக உயிரியலாளர் டேனியல் ஹாக்-வாக்கர்நாகல் வேறு வழியைக் காட்டினார். கூட்டத்தின் அளவைத் தீர்மானிப்பது தீனி. அந்தத் தீனியைப் போடுவது மனிதர்கள். எனவே மக்களிடம் போனார்கள். "நீங்கள் தீனி போடப் போட நெரிசலும் நோயும் கூடி, குஞ்சுகள்தான் சாகின்றன" என்று விளக்கினார்கள். புறாக்கூண்டுகள் அமைத்து, அங்கே இட்ட முட்டைகளை எடுத்தார்கள்.

சுமார் நாலு வருஷத்தில் புறாக்கள் ஏறத்தாழப் பாதியாகக் குறைந்தன.

சரி, இப்போ ஒரு மருந்தின் கதை.

நிகார்பசின். 1950-களில் கோழிகளின் ரத்தக் கழிச்சல் நோய்க்கு வந்த மருந்து. முட்டைக் கோழிக்குக் கொடுத்தபோது ஒரு பக்க விளைவு தெரிந்தது: முட்டை சரியாகப் பொரிக்கவில்லை. மஞ்சள் கருவுக்கும் வெள்ளைக் கருவுக்கும் நடுவில் உள்ள சவ்வை அது கெடுத்துவிடுகிறது. கோழிப்பண்ணைக்கு அது தலைவலி. பிற்காலத்தில் அதுவே புறாவுக்குக் குடும்பக் கட்டுப்பாடு ஆனது!

2017 முதல் ஸ்பெயினின் பார்சலோனாவில், தானியங்கிக் கருவிகள் இந்த மருந்து தடவிய மக்காச்சோளத்தைப் புறாக்களுக்குப் போடுகின்றன. எந்தப் புறாவும் சாவதில்லை. முட்டை மட்டும் பொரிப்பதில்லை.

ஆனா இதில் ஒரு சிக்கல் இருக்கு. நம்ம கருத்தடை மாத்திரை மாதிரியே, தொடர்ந்து சாப்பிட்டால்தான் வேலை செய்யும். நிறுத்தினால் சில நாளில் பழையபடி ஆகிவிடும். பக்கத்துத் தெருவில் ஒருவர் அரிசி அள்ளி வீசினால் புறா அங்கே போய்விடும். மருந்துச் சோளம் சீண்டுவாரில்லாமல் கிடக்கும்.

இதையெல்லாம் ஒரு டாக்டர் ஏன் சொல்லணும்?

புறா எச்சத்தின் தூளையும் இறகுத் தூசியையும் நாள்பட சுவாசிக்கும் சிலருக்கு ஒவ்வாமையால் நுரையீரல் அழற்சி வரும். கவனிக்காமல் விட்டால் நுரையீரல் தழும்பேறி இறுகிவிடும். தழும்பேறிய நுரையீரலைப் பழையபடி ஆக்க எங்களிடம் மருந்து இல்லை. அதனால்தான் விடாத வறட்டு இருமலோடு வருகிறவரிடம் "வீட்டுப் பக்கம் புறா இருக்கா?" என்று கேட்கிறோம்.

நீங்க தானியம் போடுவது இரக்கத்தில்தான். அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் நாளைக்குக் காலையில் மொட்டை மாடிக்குப் போகும் முன் பாசலை ஒரு நிமிஷம் நினைத்துப் பாருங்கள். துப்பாக்கியால் 25 வருஷத்தில் முடியாததை, கையை மடக்கிக்கொண்ட மனிதர்கள் நாலு வருஷத்தில் செய்தார்கள்.