புள்ளியும் கமகமும்: அச்சிட்ட இசையைக் கணினி படித்தல்

அச்சிட்ட இசைத்தாளைக் கணினியே படித்து வேறு வடிவுக்கு மாற்றும் ஆய்வின் தொடக்கமாகச் சுட்டப்பெறுவது, அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் தொழில்நுட்ப நிறுவனத்தில் டென்னிஸ் புரூஸ்லின் 1966இல் அளித்த ஆய்வேடாகும். 1984இல் ஜப்பானின் வசேதா பல்கலைக்கழகத்தார் உருவாக்கிய வாபாட்-2 என்னும் இயந்திர மனிதன், ஒளிப்படக் கருவியால் இசைத்தாளைப் படித்து ஆர்கன் வாசித்தது. இவை ஐரோப்பிய ஐந்துகோட்டுக் குறியீட்டுக்கென அமைந்தவை. கோடுகளின் இடைவெளியை அளவுகோலாகக் கொண்டு, கோடுகளை நீக்கி, எஞ்சிய உருவங்களை இனங்காண்பதே இத்துறையில் நெடுங்காலம் வழங்கிய முறை. கோடுகளே இல்லாத நம் இசைநூல்களுக்கு இம்முறை பொருந்துமா என்பது ஆராயத்தக்கது.

ஐந்துகோட்டுத் தாள் தமிழர்க்குப் புதிதன்று. சென்னைக் கோட்டையிலும், ஜோகுபாளையம், அல்சூர் முதலிய பகுதிகளில் தமிழர் பெருகி வாழ்ந்த பெங்களூர்த் தண்டிலும் ஆங்கிலப் படைகளின் வாத்தியக் குழுக்கள் வழியே அது அறிமுகமாயிற்று. 1890களில் சென்னையில் ஏ.எம். சின்னசாமி முதலியார் தியாகராசர் கீர்த்தனைகளை அக்குறியீட்டில் பெயர்த்து வெளியிட்டார். இன்றைய மென்பொருள் எளிதில் அணுகத்தக்கவை அப்பக்கங்களே. எனினும், சுப்பராம தீட்சிதர் தம் இசைச்செல்வத்தை நூலாக்க வேண்டுமென வற்புறுத்தியவரும் அதே முதலியார்தாம் என்பது நோக்கத்தக்கது. அதன் பயனாக 1904இல் எட்டயபுரத்தில் தெலுங்கு எழுத்தில் 'சங்கீத சம்பிரதாய பிரதர்சினி' வெளிவந்தது. இதில் கோடுகளுக்கு மாறாகச் சுவர எழுத்துகளும், அவற்றோடு கம்பிதம், நொக்கு, ரவை, ஜாரு முதலிய கமகக் குறிகளும் அமைந்துள்ளன.

சுவரங்கள் எழுத்துகளே ஆதலின் எழுத்துணரி மென்பொருளே போதும் எனக் கருதுவார் உளர். அக்கருத்துப் பொருந்தாது. மெய்யெழுத்துப் புள்ளி பெறும் என்பது தொல்காப்பியம் கூறும் மரபு. சுவரத்தாளிலோ எழுத்தின் மேலுள்ள புள்ளி தாரஸ்தாயியைக் குறிக்கும். எனவே மேல் சட்ஜமம் எழுத்துணரிக்கு 'ஸ்' என்னும் மெய்யாகிவிடும். மந்தரஸ்தாயிக்குரிய கீழ்ப்புள்ளி தமிழ் நெடுங்கணக்கில் இல்லாதது. அதனை அச்சுக்கறை எனத் தள்ளவும் இடமுண்டு. 'ரி', 'ரீ' என்னும் குறில் நெடில் வேறுபாடு உரைநடையில் பிழைபட்டால் படிப்பவர் ஊகித்துக்கொள்வார். இங்கே ஓர் அட்சரம் குறைந்து தாளமே தவறும். ஸ்தாயிப் புள்ளி, காலத்தைக் காட்டும் மேற்கோடு, கமகக் குறி ஆகிய மூன்றும் ஒரே எழுத்தின் தலைமேல் நெருங்கி நிற்கும் இடங்களில் இடர் மிகும்.

சென்னையைச் சார்ந்த எம். சுப்ரமணியன் உருவாக்கிய 'காயக' மென்பொருள் சுவரங்களைக் கமகத்தோடு ஒலிக்கவல்லது; ஆயினும் குறியீட்டை மனிதரே உள்ளிடல் வேண்டும். பழைய நூல்களைப் பக்கப் படங்களாகச் சேமிப்பதோடு அமைதல் போதாது. 1904ஆம் ஆண்டுப் பதிப்பிலுள்ள கமகக் குறிகள் ஒவ்வொன்றும் அச்சில் எவ்வெவ் வடிவில் வருகின்றன என்னும் அட்டவணையே முதலில் வேண்டுவது. அப்பணிக்கு உரியவர் பொறியாளர் அல்லர். சுவடிகளை ஒப்புநோக்கிப் பாடபேதம் காணப் பயின்ற தமிழாய்வாளரே.