விடுமுறை நாளில் கல் படித்தவர்கள்

ஈரோட்டிலிருந்து காங்கேயம் போகிற வழியில் இருக்கிறது அறச்சலூர். ஊரை ஒட்டிய நாகமலையில், உள்ளூர்க்காரர்கள் ஆண்டிப்பாறை என்று அழைக்கும் இடத்தில் இயற்கையாக அமைந்த ஒரு குகைத்தளம் உண்டு. அதன் பாறையில் மூன்று தமிழ்ப் பிராமிக் கல்வெட்டுகள். அவற்றில் இரண்டு, வரிக்கு ஐந்து எழுத்தாக ஐந்து வரிகளில் கட்டம் கட்டமாக வெட்டப்பட்டவை. இடமிருந்து வலமாகப் படித்தாலும் மேலிருந்து கீழாகப் படித்தாலும் ஒரே மாதிரி வரும். சொல்லாகப் பார்த்தால் பொருள் இல்லை. வாய்விட்டுச் சொன்னால் தாளம் தெரியும். ஆட்டத்துக்கான அடவுச் சொற்கட்டு அது.

மூன்றாவது கல்வெட்டு, இந்த எழுத்துகளைக் கோத்தவர் யார் என்று சொல்கிறது. பெயர் தேவன் சாத்தன், தொழில் வண்ணக்கன். வண்ணக்கன் என்றால் மணியையும் காசையும் சோதித்துத் தரம் சொல்கிறவர். ஏறத்தாழ 1,600 ஆண்டுகளுக்கு முன்னால், பகலில் காசு பார்த்துப் பிழைத்த ஒருவர் தாளக்கட்டு அமைப்பதில் மனம் வைத்திருக்கிறார். அமைத்ததைப் பாறையில் வெட்டி, தன் பெயரையும் பக்கத்திலேயே பதிய வைத்திருக்கிறார்.

இந்தக் கல்வெட்டுகளை 1960-ஆம் ஆண்டுவாக்கில் வெளி உலகுக்குக் காட்டியவர், அப்போது இருபதுகளின் தொடக்கத்தில் இருந்த ஒரு தமிழாசிரியர். பிற்காலத்தில் கொங்கு நாடு முழுவதும் புலவர் செ. இராசு என்று அறிந்த பெயர் அவருடையது. வரலாற்றைத் தேடிப் போகச் சொல்லி யாரும் அவருக்குச் சம்பளம் தரவில்லை. பள்ளிக்கூடம் போக மிஞ்சிய நேரத்தில்தான் மலை ஏறினார்.

கொங்கு நாட்டின் பழங்கதையில் பெரும்பகுதி இப்படித்தான் கிடைத்தது. தஞ்சைக்குச் சோழர், மதுரைக்குப் பாண்டியர், காஞ்சிக்குப் பல்லவர் என்று பாடப்புத்தகங்கள் பக்கம் பக்கமாக எழுதின. கொங்கு நாடோ மூவேந்தரும் மாறி மாறிக் கைப்பற்றிய இடைநிலமாக ஓரிரு பத்திகளில் முடிந்துபோனது. அந்த வெற்றிடத்தை நிரப்பியவர்களில் வழக்கறிஞரும் ஆசிரியரும் அரசு அதிகாரியும் நாணயம் சேர்ப்பவரும் உண்டு. வேறு வேலை பார்த்துக்கொண்டே இதை ஆசையாகச் செய்தவர்கள் இவர்கள்.

இந்த ஆசைக்கு இங்கே இருநூறு ஆண்டு வயது இருக்கும். நில அளவைக்காக வந்த காலின் மெக்கன்சி, போகிற இடமெல்லாம் உதவியாளர்களைக் கொண்டு ஊர்க்கதைகளையும் சுவடிகளையும் எழுதி வாங்கினார். ‘கொங்கு தேச ராஜாக்கள்’ என்ற உரைநடைச் சுவடி அந்தத் தொகுப்பில்தான் தங்கியது. 1842-இல் கோவைக்கு அருகே வெள்ளலூரில் மண்ணுக்குள்ளிருந்து 500-க்கும் மேற்பட்ட ரோமானிய வெள்ளிக் காசுகள் கிடைத்தன. அகஸ்டஸ், டைபீரியஸ் ஆகிய பேரரசர்களின் தலை பொறித்த காசுகள் அவற்றில் இருந்தன. பாலக்காட்டுக் கணவாய் வழியாக நொய்யல் கரையோரமாகவே கரூர் வரைக்கும் வணிகம் நடந்ததற்கு அது சாட்சி. சென்னை மாகாணத்தில் அதிகாரியாக இருந்த வால்டர் எலியட்டுக்குத் தென்னிந்திய நாணயங்கள் மீது தீராத ஈடுபாடு. அதைப் பற்றியே ஒரு நூல் எழுதினார். கோவை வட்டாரத்தில் பணியாற்றிய வால்ஹவுஸ் என்பவர் இங்குள்ள பெருங்கற்காலக் கல்லறைகளைப் பற்றி 1875-இல் ஒரு கட்டுரை வெளியிட்டார். காட்டோரங்களில் பலகைக் கற்களை நிறுத்திக் கட்டிய அந்தக் கல்லறைகளைச் சனங்கள் பாண்டவர் வாழ்ந்த இடம் என்று நம்பி, பாண்டுகுழி என்று சொல்லி வந்தார்கள்.

வெள்ளைக்காரர்களின் குறிப்புகள் ஆங்கிலத்தில் இருந்தன. அந்தக் கதையைத் தமிழில் உள்ளூர்க்காரர்களிடம் கொண்டு சேர்த்தவர்களில் முதலில் சொல்ல வேண்டியவர்கள் இருவர். திருச்செங்கோட்டு முத்துசாமிக் கோனார், கார்மேகக் கவிஞரின் கொங்கு மண்டல சதகத்தைப் பதிப்பித்தவர். அந்நூல் எந்தெந்த ஊரை, எந்தெந்த மனிதரைச் சொல்கிறது என்று தேடித் தேடி விளக்கம் எழுதினார். இன்னொருவர் கோயம்புத்தூர் வழக்கறிஞர் சி.எம். இராமச்சந்திரன் செட்டியார். கோவைகிழார் என்றால்தான் பலருக்குத் தெரியும். வழக்கு, நகராட்சி, அறநிலையத் துறை என்று பொறுப்புகள் பல இருந்தும், கோயில் கோயிலாகப் போய்க் கல்வெட்டு பார்க்கும் பழக்கத்தை அவர் விடவில்லை. மெக்கன்சி தொகுப்பில் இருந்த ‘கொங்கு தேச ராஜாக்கள்’ சுவடியை 1950-இல் பதிப்பித்தார். 1954-இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகம் அவருடைய ‘கொங்குநாட்டு வரலாறு’ நூலை வெளியிட்டது. கொங்கு நாட்டுக்குத் தனியாக ஒரு வரலாறு உண்டு என்று ஊன்றிச் சொன்ன புத்தகம் அது.

அடுத்த தலைமுறையில் இராசு வந்தார். அறச்சலூர் கல்வெட்டுக்குப் பிறகு 1961-இல், சென்னிமலைக்கு மேற்கே நொய்யலின் வடகரையில் இருக்கும் கொடுமணல் மேட்டை அடையாளம் கண்டு சொன்னவர்களில் அவரும் ஒருவர். பதிற்றுப்பத்து பாடும் கொடுமணம் இதுதான் என்பது இப்போது பலரும் ஏற்றுக்கொண்ட முடிவு. பிறகு அவர் போய்ச் சேர்ந்த தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகமே 1985-இல் அங்கே அகழாய்வைத் தொடங்கியது. பெயர் பொறித்த பானை ஓடுகள் நூற்றுக்கணக்கில் கிடைத்தன. படியூர்ப் பச்சைக்கல்லை அறுத்து, பட்டை தீட்டி, மணியாகத் துளையிட்ட பட்டறைகளின் தடயமும், இரும்பு உருக்கிய உலைகளும் வெளிவந்தன. ஆட்டுக்கிடை போட்டுக் கம்பு விதைத்த வெறும் மேடாகத்தான் அதுவரை அந்த இடத்தை ஊர் பார்த்து வந்தது.

இராசுவின் இன்னொரு வேட்டை வீடுகளுக்குள்ளே நடந்தது. கொங்கு நாட்டில் பழைய குடும்பங்களின் பூசை அறையிலும் அட்டாலியிலும் செப்பேடுகளும் ஓலைகளும் தலைமுறை தலைமுறையாகத் துணியில் சுற்றிக் கிடந்தன. பெரும்பாலும் வைத்திருந்தவர்களுக்கே படிக்கத் தெரியாது. வெளியாளிடம் காட்டவும் தயக்கம். அந்தத் தயக்கத்தைப் போக்க உட்கார்ந்து பேச வேண்டும், சோறு தின்ன வேண்டும், மறுபடியும் போக வேண்டும். அப்படிச் சேர்ந்தவைதான் 1991-இல் ‘கொங்கு நாட்டு சமுதாய ஆவணங்கள்’ என்ற பெரிய தொகுப்பாக வந்தன. 2023 ஆகஸ்டில் அவர் மறைந்தபோது எழுதியும் பதிப்பித்தும் முடித்த நூல்கள் நூற்றைத் தாண்டியிருந்தன.

கரூர்ப் பக்கம் நடந்த கதை வேறு மாதிரி. வேலாயுதம்பாளையத்தில் இருக்கும் ஆறுநாட்டார் மலையில் சமண முனிவர்களுக்கு வெட்டிக் கொடுத்த படுக்கைகளும் புகழூர்க் கல்வெட்டுகளும் உள்ளன. அந்தக் கல்வெட்டுகளில் சேர அரசர் மூன்று தலைமுறையினரின் பெயர்கள் இருப்பதை 1965-இல் தெளிவாகப் படித்துச் சொன்னவர் ஐராவதம் மகாதேவன். அவர் ஐ.ஏ.எஸ். அதிகாரி. கோப்புகளுக்கு நடுவே எழுத்தாராய்ச்சியைத் தன் சொந்த ஆர்வமாகத் தொடங்கினார். சங்கப் பாடலில் மட்டும் இருந்த இரும்பொறை மரபுச் சேரர்களுக்கு அவரால் ஒரு கல் ஆதாரம் கிடைத்தது. பிராமி எழுத்துகளைப் பற்றி உலகம் இன்று எடுத்துப் பார்க்கும் அவருடைய பெருநூல் 2003-இல்தான் வெளிவந்தது. இடைப்பட்ட நாற்பது ஆண்டுக் காலமும் ஒரே ஆசை.

அமராவதி ஆற்றுமணலில் காசு பொறுக்குவது கரூரில் பலருக்குப் பழக்கமாகவே இருந்தது. மழை வடிந்த பிறகு மணலைச் சலித்தால் பழங்காசு கிடைக்கும். நாணயம் சேர்ப்பவர்கள் அவற்றை வாங்கி, கழுவி, எழுத்தைப் படித்ததால்தான் மாக்கோதை, கொல்லிப்புறை என்று பெயர் பொறித்த சேரர் காசுகள் வெளியே தெரிந்தன. இதில் ஒரு சேதமும் உண்டு. எந்த அடுக்கில், எந்தப் பொருளோடு கிடந்தது என்ற செய்தி, காசை எடுத்த நொடியிலேயே அழிந்துவிடும். பத்து ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள புதையல் எதுவானாலும் மாவட்ட ஆட்சியருக்குத் தெரிவிக்க வேண்டும் என்று 1878-ஆம் ஆண்டுச் சட்டமே சொல்கிறது. சேர்க்கிற ஆசைக்கும் படிக்கிற ஆசைக்கும் நடுவே இருக்கும் இந்தக் கோட்டை நல்ல ஆர்வலர்கள் மதித்து நடக்கிறார்கள்.

இன்றைக்கும் இந்தப் பழக்கம் உயிரோடு இருக்கிறது. ஓய்வு பெற்ற வங்கி ஊழியர், பொறியாளர், பள்ளி ஆசிரியர், பனியன் கம்பெனி நடத்துகிறவர் என்று பல வகை ஆட்கள் விடுமுறை நாளில் வண்டியை எடுத்துக்கொண்டு கிளம்புகிறார்கள். கையில் தண்ணீர்ப் புட்டி, துடைக்க நார்த்தூரிகை, ஒரு பொட்டலம் தக்காளிச் சோறு. முதலில் கேட்கிற ஆள் ஆடு மேய்க்கிறவர்தான்.

“ஏனுங்க, இந்தப் பக்கம் எழுத்து வெட்டுன கல்லு, பொம்மைக் கல்லு எதாச்சும் இருக்குதுங்களா?”

“குளத்துக்கு அந்தப் பக்கம் புலிகுத்திக் கல்லு ஒண்ணு சாஞ்சு கெடக்குதுங்க. எழுத்து இருக்குதான்னு நாம் பாக்கலீங்க.”

புலிகுத்திக் கல் என்பது பட்டியைக் காக்கப் புலியோடு மோதிச் செத்தவனுக்கு நட்ட நடுகல். பெரும்பாலானவற்றில் அமைப்பு ஒன்றுதான். பின்னங்காலில் எழும்பி நிற்கும் புலி. அதன் வாய்க்குள்ளோ வயிற்றிலோ குத்துவாளை இறக்கும் வீரன். பக்கவாட்டில் சரிந்த கொண்டை. கணவனோடு உயிர் விட்டவளின் கல் என்றால் வீரமாத்தி. இன்னும் பல ஊர்களில் இவற்றுக்குப் பொங்கல் வைக்கிறார்கள், பெயர் மட்டும் மறந்துவிட்டது. எழுத்து இருந்தால் அந்தப் பெயரும் திரும்பி வரும்.

எழுத்தைப் படிப்பதற்குப் பொறுமை வேண்டும். பழைய கல்வெட்டில் மெய்யெழுத்துக்குப் புள்ளி பெரும்பாலும் இருக்காது. குறில் எகரமும் நெடில் ஏகாரமும் ஒன்று போலவே இருக்கும். காலும் ரகரமும் வேறுபடாது. கொங்கு நாட்டில் வட்டெழுத்தும் நெடுங்காலம் புழங்கியதால் அதையும் தனியாகக் கற்றுக்கொள்ள வேண்டும். உச்சி வெயிலில் ஒன்றும் தெரியாத பாறை, சாயங்கால வெயில் பக்கவாட்டில் விழும்போது வரி வரியாகப் பேசும். முறையாகப் பதிவு செய்ய மைப்படி எடுக்கிறார்கள். கல்லைக் கழுவி, ஈரத்தாளை அதன்மேல் ஒட்டி, தூரிகையால் தட்டித் தட்டி எழுத்தின் பள்ளத்துக்குள் தாளை இறக்குவார்கள். பிறகு மை ஒற்றுவார்கள். மேடெல்லாம் கறுக்கும், பள்ளத்தில் இருக்கும் எழுத்து வெள்ளையாக நிற்கும். முழு நாள் உழைப்புக்கு ஒரே ஒரு சொல் பிடிபட்டாலும் அன்றைக்கு அது திருவிழாதான்.

அந்த ஒரு சொல்லுக்கு எவ்வளவு மதிப்பு இருக்கலாம் என்பதற்குக் கரூர்ப் பசுபதீசுவரர் கோயில் கல்வெட்டு ஒன்றே போதும். வெங்கால நாட்டுக் கம்மாளர்கள் இனிமேல் தங்கள் நன்மை தீமைகளுக்கு இரட்டைச் சங்கு ஊதிக்கொள்ளலாம், பேரிகை கொட்டிக்கொள்ளலாம், வெளியே போகும்போது செருப்பு அணியலாம், வீட்டுக்குச் சாந்து பூசலாம் என்று அரசன் அனுமதி தரும் கல்வெட்டு அது. அதுவரை இவையெல்லாம் அவர்களுக்கு மறுக்கப்பட்டிருந்தன என்ற சேதியும் அந்த ஆணைக்குள்ளேயே இருக்கிறது. எந்தப் போர் வெற்றியையும் விட அந்தக் காலத்து வாழ்க்கையை நெருக்கமாகக் காட்டுகிற வரிகள் இவை.

கண்டுபிடித்தவருக்குக் கிடைக்கும் பரிசு சின்னதுதான். 1991 முதல் தமிழகத் தொல்லியல் கழகம் ஆண்டுதோறும் வெளியிடும் ‘ஆவணம்’ இதழில் கல்வெட்டின் வாசகமும் ஊரும் வரும்; கீழே கண்டறிந்தவர் பெயர் வரும். அதற்கே பலர் வருடக்கணக்கில் உழைக்கிறார்கள். திருப்பூரை மையமாகக் கொண்டு இயங்கும் வீரராசேந்திரன் தொல்லியல் வரலாற்று ஆய்வு மையம், 13-ஆம் நூற்றாண்டில் ஆண்ட கொங்குச் சோழ மன்னனின் பெயரைத் தாங்கியது. நடுகல்லும் கல்வெட்டுமாக அது பதிவு செய்தவை ஏராளம். யாக்கை மரபு அறக்கட்டளை போன்ற இளைஞர் அமைப்புகள் கொடுமணலுக்கும் நொய்யல் கரைக்கும் ஆட்களைக் கூட்டிப் போய்க் காட்டுகின்றன.

இவர்களுக்கு நேரம் குறைவு. கோவைக்கு மேற்கே சுண்டக்காமுத்தூர் அருகே மலையடிவாரத்தில் இராசகேசரிப் பெருவழி என்று சோழர் காலச் சாலையின் பெயரைச் சொல்லும் பாறைக் கல்வெட்டு இருக்கிறது. அதைச் சுற்றி நகரம் வளர்ந்துகொண்டே வருகிறது. சாலையை அகலப்படுத்தும்போது நடுகற்கள் புதைந்துபோகின்றன. கோயில் திருப்பணியில் சுவரைப் பளபளப்பாக்குவதாக நினைத்து மணல் வீச்சு செய்தால் எண்ணூறு ஆண்டு எழுத்து ஒரே மதியத்தில் மழுங்கிவிடும். எழுத்துள்ள கல்லைப் படிக்கட்டாகவும் துவைகல்லாகவும் போட்டிருக்கும் ஊர்களும் உண்டு. அதைப் போட்டவர்கள் கெட்டவர்கள் அல்லர்; அது என்னவென்று அவர்களுக்கு ஒருவரும் சொல்லவில்லை.

ஆகையால் கொங்கு நாட்டில் வீடு கட்டுகிறவர்களும், தோட்டம் திருத்துகிறவர்களும், கோயில் திருப்பணிக் குழுவில் இருக்கிறவர்களும் ஒரு காரியம் செய்ய வேண்டும். எழுத்து வெட்டிய கல்லோ உருவம் செதுக்கிய கல்லோ கண்ணில் பட்டால் அதை நகர்த்தாதீர்கள், சுண்ணாம்பு பூசாதீர்கள், மூடநம்பிக்கையில் உடைக்காதீர்கள். பக்கத்தில் ஓர் அளவுகோலை வைத்துப் படம் எடுங்கள். கிராம நிர்வாக அலுவலருக்கோ, தொல்லியல் துறைக்கோ, உங்கள் வட்டாரத்தில் கல் படிக்கும் ஆர்வலர்களுக்கோ உடனே தெரிவியுங்கள்.