மர்மலாங் பாலமும் மாத வாடகையும்

சைதாப்பேட்டையில் அடையாற்றின் மேல் உள்ள மறைமலையடிகள் பாலத்தைக் கடப்பவர்கள், அங்கே முதன்முதலில் பாலம் கட்டிய மனிதரை நினைப்பதில்லை. கோஜா பெட்ரஸ் உஸ்கான் என்ற ஆர்மீனிய வியாபாரி அவர். 1726-ல் தம் சொந்தப் பணத்தில் 30,000 வராகன் செலவழித்து மர்மலாங் பாலத்தைக் கட்டினார். அதோடு நிற்காமல், பழுது பார்ப்பதற்கென்று 1,500 வராகனைத் தனியாகவும் ஒதுக்கி வைத்தார். பாலம் என்றால் பராமரிப்பு உண்டு என்பது தெரிந்த மனிதர்!

எனக்கு அவர் ஞாபகம் வந்தது பஜார் ரோட்டில் கீரை வாங்கும்போது. கைப்பேசியைக் காட்டினேன். "இருபது ரூபாய் பெறப்பட்டது" என்று ஒரு சின்னப் பெட்டி கூவிற்று.

"இந்தப் பெட்டியைச் சும்மாவா கொடுத்தார்கள் அம்மா?"

"சும்மா யாரு சார் குடுப்பா? மாசா மாசம் வாடகை பிடிச்சுக்கறான். ஆனா சில்லறைக்கு அல்லாட வேணாம் பாரு!"

என் பாட்டிக்கு டில்லியிலிருந்து மாமா மணியார்டர் அனுப்புவார். 1880-ல் ஆரம்பித்த அந்தச் சேவையில், கடைசிக் காலத்தில் 100 ரூபாய்க்கு 5 ரூபாய் கமிஷன். ரசீதைப் பார்த்தால் செலவு தெரிந்துவிடும். புகைக் கணக்கு என்று பார்த்தால், ரயிலைத் தவிர, சைக்கிளில் வந்த தபால்காரர் குடித்த மோரைத்தான் சேர்க்க வேண்டும்!

2016 ஏப்ரலில் யு.பி.ஐ. அறிமுகமாயிற்று. 2024-25-ல் அதன் வழியே 18,500 கோடிக்கும் அதிகமான பரிவர்த்தனைகள் நடந்தன. 2020 ஜனவரியிலிருந்து இதற்காக வியாபாரியிடம் வங்கி கமிஷன் வாங்குவதில்லை. அப்படியானால் செலவே இல்லையா? சிறு வியாபாரிகளின் சில்லறை வரவுகளை நடத்திக் கொடுப்பதற்கென்று மத்திய அரசு அந்த ஓர் ஆண்டுக்கு 1,500 கோடி ரூபாய் ஒதுக்கியது. செலவு ரசீதிலிருந்து மறைந்து பட்ஜெட்டில் போய் உட்கார்ந்துகொண்டது, அவ்வளவுதான்.

காகிதம் மிச்சம், உலகத்துக்கு நல்லது என்கிறார்கள். முதலில், நம் நோட்டு மரத்தில் பிறப்பதல்ல, பருத்தியில் பிறப்பது. ஐரோப்பிய மத்திய வங்கி 2023-ல் வெளியிட்ட ஆராய்ச்சியின்படி, ஒருவர் ஓர் ஆண்டு முழுவதும் நோட்டுகளைப் பயன்படுத்துவதால் சுற்றுச்சூழலுக்கு வரும் பாரம், 8 கிலோமீட்டர் காரில் போவதற்குச் சமம். அதில் மற்ற எதையும்விடப் பெரிய பங்கு காகிதத்தால் அல்ல, ஏ.டி.எம். தின்னும் மின்சாரத்தால்! சரி, கைப்பேசியின் கணக்கு? பேரன் சினிமா பார்க்க வாங்கியது அது. அதன் பாரத்தில் எத்தனை பங்கைக் கீரைக்காரியின் தலையில் ஏற்றுவது? கோட்டை எங்கே போடுகிறோமோ அதற்குத் தக்கபடி விடை மாறும்.

இன்னொன்று. 2016 நவம்பரில், செல்லாத நோட்டு அறிவிப்புக்கு முன், புழக்கத்தில் இருந்த நோட்டுகளின் மதிப்பு சுமார் 18 லட்சம் கோடி ரூபாய். 2025 மார்ச்சில் அது 36 லட்சம் கோடியைத் தாண்டிவிட்டது. பழைய வண்டியும் ஓடுகிறது, புதிய வண்டியும் ஓடுகிறது. இதில் கழித்தல் கணக்கை எங்கே போடுவது? கூட்டல்தான்.

லாபமே இல்லை என்று சொல்ல வரவில்லை. கென்யாவில் 2007-ல் தொடங்கிய எம்-பெசாவை ஆராய்ந்த இருவர், பரிவர்த்தனைகளை எண்ணிக்கொண்டிருக்கவில்லை. வீடுகளுக்குப் போய் விசாரித்தார்கள். சுமார் 1,94,000 குடும்பங்கள் வறுமையிலிருந்து மீண்டன என்று 2016-ல் எழுதினார்கள். அதுவல்லவா அளவை!

"ராத்திரி கணக்கு யார் பார்க்கிறார்கள்?" என்று அந்த அம்மாளைக் கேட்டேன்.

"பேரன் வந்தாத்தான் சார். அதுவரைக்கும் பெட்டி சொன்னதுதான்" என்று சொல்லிக்கொண்டே, ஒரு கொத்துக் கறிவேப்பிலையைக் கிள்ளிக் கொசுறாகப் பையில் போட்டாள். அதற்குப் பெட்டி கூவவில்லை.